இரவல் போன அம்மா

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவளை முதலாளி உட்பட எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னால் கவுண்டரில் நின்று ஓயாமல் பேசி விற்கிற இளையவளுக்கு மைனா என்று பட்டப்பெயர்.

"இப்ப என்ன புத்தகம்க்கா ஓடுது?" என்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதே மைனா கேட்டுவிடுவாள். அதற்காகவே காத்திருந்த மாதிரி அக்கா கொட்டித் தீர்ப்பாள். வீட்டில் சொல்ல ஆளில்லை. கணவர் வேன் ஓட்டுகிறவர், தங்கமான மனுஷர், ஆனால் புத்தகப் பேச்சை எடுத்தால் கொட்டாவி விடுவார். அதனால் எல்லாம் மைனாவிடம்தான் போயிற்று. பிடித்த ஆள் கடைசியில் செத்துவிடுவானோ என்ற பயத்தில் முடிவை முதலில் படித்துவிடுவது, வில்லன் பேசுவதை மட்டும் சமையலறையில் குரலை மாற்றிச் சத்தமாகப் படிப்பது, அதில் பால் பொங்கி வழிவது, எல்லாமே. படித்து முடித்த புத்தகத்தை மைனாவுக்குக் கொடுப்பாள். ஒரு வாரத்தில் திரும்பி வரும். "கடைசியில அழுதுட்டேன்க்கா."

ஒருநாள், யாரிடமும் சொல்லாததையும் சொன்னாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு துப்பறியும் கதையைத் தினமும் வாசித்துக் காட்டினாள். கொலைகாரன் யார் என்று தெரிய இன்னும் சில பக்கங்கள் இருக்கும்போது அம்மாவின் மூச்சு நின்றுவிட்டது. அக்கா நர்ஸைக் கூப்பிடவில்லை. மீதியையும் அம்மாவின் காதருகே வாசித்து முடித்த பிறகுதான் எழுந்தாள். கேட்ட மைனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்து வந்த சனிக்கிழமை மைனா தலைவலி என்று லீவு. கடை ரேடியோவில் வாசகர்கள் பேசும் நிகழ்ச்சி. முதலாளி சட்டென்று சத்தத்தைக் கூட்டினார். "அட, நம்ம மைனா!"

"நான் எப்பவும் முடிவைத்தான் முதல்ல படிப்பேன்..."

அக்கா சிரித்தபடி பின்னறையிலிருந்து வந்தாள். இப்போது நம்மைப் பற்றிச் சொல்வாள் என்று நினைத்தாள். சொல்லவில்லை. பால் பொங்கி வழிந்ததுகூட மைனா வீட்டில்தானாம். "நான்", "நான்" என்றே போய்க்கொண்டிருந்த குரல் மெல்லத் தழுதழுத்தது. "எங்க அம்மாவோட கடைசி நாள்ல..."

அக்காவின் கையிலிருந்த லென்ஸ் கீழே விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போன வாரம்கூட அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும்னு சீக்கிரம் கெளம்பினாளே," என்று குழம்பினார்.

திங்கட்கிழமை மைனாவோடு அவள் அம்மாவும் வந்து நின்றாள். கட்டுமஸ்தான பெண்மணி.

"பக்கத்து வீட்டுக்காரி துக்கம் கேக்க வந்துட்டா! கதவத் தொறந்தது நானு. அவளுக்கு மயக்கமே வந்துருச்சு. எதுக்குடி என்னை உயிரோட கொன்னேன்னு கேட்டா, வாயத் தொறக்க மாட்டேங்கறா. யாரோட கதைங்க அது?"

மைனா அக்காவைப் பார்த்தாள். எப்படியாவது காப்பாற்று என்கிற பார்வை.

"செத்தது எங்க அம்மாங்க," என்றாள் அக்கா.

மத்தியானம் மைனா பின்னறைக்கு வந்தாள். "அம்மா விஷயத்தைச் சொல்லணும்னு நினைக்கலக்கா. அந்த ரேடியோப் பொண்ணு 'அப்புறம், அப்புறம்'னு கேட்டுட்டே இருந்தா. எனக்குச் சொல்ல வேற எதுவும் இல்ல."

"நான் குடுத்த புத்தகமெல்லாம் இல்லையா? அதைச் சொல்லியிருக்கலாமே?"

மைனா தலையைக் குனிந்துகொண்டாள். "எதையுமே படிக்கலக்கா. படிக்க உக்காந்தா தூக்கம் வந்துரும். நீங்க சொல்றதக் கேக்கத்தான் பிடிக்கும்."

கதையைத் திருடியதுகூட அக்காவுக்கு அப்படி வலிக்கவில்லை. எத்தனை மதியங்கள், எத்தனை "அழுதுட்டேன்க்கா"! அத்தனை நாளும் அவள் எதிரில் இன்னொரு வாசகி இருந்ததே இல்லை.

"போய் கவுண்டரப் பாரு," என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் வீட்டில், இனி சொல்ல வேண்டியவரிடமே சொல்லிவிடுவோம் என்று கணவருக்குத் தட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அம்மாவின் கடைசி மணித்துளிகளைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியிலேயே அவர் நிமிர்ந்தார்.

"இது ரேடியோல வந்ததாச்சே. வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டு முழுசாக் கேட்டேன். பாவம், யார் பெத்த பொண்ணோன்னு நெனச்சேன்."

"அது நான்தாங்க. என் கதையத்தான் மைனா அவ கதையாச் சொல்லிட்டா."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"அன்னைக்கு அந்த ரூமுக்கு வெளிய நின்னது நான். உள்ள என்ன நடந்துச்சுன்னு அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியலையே?"

"நீங்க கொட்டாவி விடுவீங்கன்னு..." என்று அவள் ஆரம்பிக்கும்போதே அவர் எழுந்து கை கழுவப் போனார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.