முப்பத்தெட்டுப் பக்கம்

புனே கேம்ப் பகுதியில் தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள தமிழ் நூலகத்தில், எடுத்த புத்தகத்தைத் திருப்பாமல் இறந்துபோகும் உறுப்பினர்கள், அந்தப் புத்தகம் திரும்பி வரும்வரை வாசிப்பு அறையில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இது எந்த வருடம் தொடங்கியது என்பதற்குப் பதிவு இல்லை. ராணுவ அலுவலகத்தில் வேலை பார்த்த கிருஷ்ணஸ்வாமி பதினோரு நாள் வந்தார். பாணேரில் இருக்கும் அவர் மகள் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் புத்தகத்தைக் கண்டெடுத்துக் கொண்டுவந்த மாலையோடு வருவது நின்றது. தர்மாம்பாள் நான்கு வருடம் வந்தார். அவர் எடுத்த சமையல் புத்தகம் பக்கத்து வீட்டாரோடு நாக்பூர் போயிருந்தது. இப்படி வருகிறவர்களால் தொந்தரவு இல்லை. ‘அமைதி’ என்ற பலகையை உயிரோடு இருப்பவர்களைவிட அவர்கள் நன்றாக மதித்தார்கள். நூலக உதவியாளர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வீட்டுக்கு மூன்று நினைவூட்டல் கடிதம் அனுப்ப வேண்டும். மேசையை அவர்களைச் சுற்றித் துடைக்க வேண்டும். ஏழரைக்கு மணி அடித்ததும் மற்றவர்களோடு அவர்களும் எழுந்து போனார்களா என்று பார்த்துவிட்டு விளக்கை அணைக்க வேண்டும். புத்தகம் வந்துவிட்டால் அதன் பதிவு அட்டையைப் பின்பக்கம் ஒட்டிய உறையில் போட்டு, உறுப்பினர் சீட்டைக் கிழிக்க வேண்டும். மறுநாள் அந்த இருக்கை காலியாகிவிடும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் இறந்தவர்களுக்கு மட்டும் பழைய மரத்தட்டும் அட்டைகளும் இருந்தன. கம்ப்யூட்டரில் அவர்களைப் பதிய வழி இல்லை.

உதவியாளர் கார்லின் மனைவி ஜெபிஷா ஓர் அக்டோபரில் டெங்குவில் இறந்தாள். வயது இருபத்தெட்டு. கேம்ப்பிலேயே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு அவள் எடுத்த துப்பறியும் நாவலுக்குத் தேதி முத்திரை குத்தியது கார்ல்தான். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், பள்ளி விட்டு வரும் நேரமான நான்கு பத்துக்கு, அவள் வந்து ஜன்னலோரம் ஒன்பதாம் இருக்கையில் உட்கார்ந்தாள். கார்ல் அன்று கோர்படியில் இருக்கும் வீட்டுக்குப் போய், தலையணைக்கு அடியில் கிடந்த புத்தகத்தை எடுத்து சூட்கேஸில் வைத்துப் பூட்டினான். நினைவூட்டல் கடிதம் அவன் முகவரிக்கே போக வேண்டியது என்பதால் எழுதவில்லை. வேறு யாரும் கேட்காத புத்தகத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம் என்பது விதி. பதினான்கு நாளுக்கு ஒரு தடவை அவள் பெயரில் புதுப்பித்தான். நூலகர் சத்தியவதி கையெழுத்துப் போட்டார். பத்தாவது தடவை பேனாவை மூடிவிட்டு, “போதும்பா கார்ல்” என்றார். பதினோராவது தடவையும் கையெழுத்துப் போட்டார்.

இப்படி வருகிறவர்கள் பொதுவாக நாளிதழ் படிப்பார்கள். ஜெபிஷா எதையும் எடுக்கவில்லை. ஒரு புத்தகத்தை முடிக்காமல் இன்னொன்றைத் தொட மாட்டாள். காலி மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். சில சமயம் வலது கட்டைவிரல் பக்கம் புரட்டுவதுபோல அசையும். கார்ல் கவுண்டரிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பான். நாளுக்கு மூன்று மணி இருபது நிமிடம். மற்ற நேரத்தை அதற்காகக் கழித்தான். ஒரு வருடம் போயிற்று.

அவளுக்கு எதிர் இருக்கையில் தினமும் உட்காருபவர் லூர்துசாமி. எண்பத்தொரு வயது. திருநெல்வேலிக்காரர், புனேவுக்கு வந்து ஐம்பது வருடம். ஒருநாள் அவர் கவுண்டருக்கு வந்து முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

“ஏல கார்ல், கொலகாரன் யாருன்னு தெரியாம ஒருத்தி ஒரு வருசமா தவிச்சிக்கிட்டு இருக்கா. அந்தக் கதையில உள்ளவன விட நீ பெரிய ஆளா இருப்ப போலயே.”

 அந்த ஞாயிற்றுக்கிழமை கார்ல் சூட்கேஸைத் திறந்தான். பக்கம் 212-இல் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. மீதி முப்பத்தெட்டுப் பக்கம். அதை மட்டும் ஜெராக்ஸ் எடுத்தான். திங்கட்கிழமை நான்கு மணிக்கு முன்பே தாள்களை ஒன்பதாம் இருக்கைக்கு முன்னால் மேசையில் வைத்தான். புத்தகம் கவுண்டருக்கு வராது, அவளும் கதையை முடித்துவிடுவாள் என்பது அவன் யோசனை. ஜெபிஷா வந்தாள். தாள்களைப் பரீட்சைத் தாள்போல் தட்டி ஓரம் சேர்த்து எடுத்துக்கொண்டு, முதல் தடவையாகக் கவுண்டருக்கு வந்தாள். கவுண்டரில் மெதுவாகப் பேச அனுமதி உண்டு.

“வெளிப் பேப்பர் உள்ள கொண்டாரக் கூடாதுல்லா அத்தான்” என்றாள். “புக்கக் கொண்டாங்க.”

“கொண்டாந்தா போயிருவல்லா?”

“முப்பத்தெட்டுப் பக்கம் இருக்கு” என்று சொல்லிவிட்டு இருக்கைக்குத் திரும்பினாள்.

மறுநாள் கொண்டுவந்தான். தான் எடுத்த புத்தகத்தை உறுப்பினர் உள்ளேயே உட்கார்ந்து படிக்க, ஒரு பதிவேட்டில் எழுதினால் போதும். சத்தியவதி எழுதினார். உயிரோடு இருந்தபோது ஒரே மாலையில் நாற்பது பக்கம் படிப்பவள், இப்போது நாளுக்கு ஒரு பக்கம் படித்தாள். வேண்டுமென்றேதான் என்று கார்ல் நினைத்தான். கேட்கவில்லை. இடையில் ஞாயிற்றுக்கிழமைகளும் கிறிஸ்துமஸும் வந்தன. கரையானுக்கு மருந்தடிக்க என்று சத்தியவதி இரண்டு நாள் நூலகத்தை மூடினார். அங்கே கரையான் இல்லை.

கடைசிப் பக்கத்தை அவள் இரண்டு நாள் படித்தாள். பிறகு எழுந்து வந்து, புத்தகத்தை முதுகுப்பக்கம் அவனைப் பார்க்க இருக்கும்படி கவுண்டரில் வைத்தாள். கார்ல் மரத்தட்டிலிருந்து அட்டையை எடுத்து உறையில் போட்டான். தேதியைக் கோடு போட்டு அடித்தான். சீட்டு மட்டும் மிச்சம் இருந்தது. அதில் அவள் பெயர் அவன் கையெழுத்தில் இருந்தது. அவள் காத்திருந்தாள்.

“யாரு கொலகாரன்?” என்று கேட்டான்.

“நீங்களே படிங்க. நல்லாத்தான் இருக்கு. முடிவ மட்டும் அவசரமா எழுதிட்டான்.”

கார்ல் சீட்டை இரண்டாகக் கிழித்தான். ஏழரைக்கு மணி அடித்தது. எல்லோரும் போனார்கள். அவளும் போனாள்.

மறுநாள் நான்கு பத்து ஆயிற்று. நாலரையும் ஆயிற்று. ஐந்து மணிக்கு லூர்துசாமி வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்டார். யார் பெயரிலும் இல்லாத புத்தகத்தைக் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும். கார்ல் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டு முத்திரை குத்தினான். லூர்துசாமி தேதியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண் சரியில்லை, பதினாலு நாள் பத்தாது என்றார்.

“முடியலன்னா இங்க வந்து முடிச்சிக்கிடுங்க தாத்தா” என்றான் கார்ல்.

அதுவும் சரிதான் என்று அவர் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார்.