கீழ்க்குரல்

கரடி என்னுடையது.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நாற்பதைத் தாண்டியவள், கல்லூரிக்குப் போகிற மகனைப் பெற்றவள், டிவியில் வருகிற கரடிக்குப் போய் உரிமை கொண்டாடுகிறாள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். தபால்காரன் பெர்சியுடையவன், கரடி என்னுடையது. இவள் எப்படி அதை எடுக்கலாம்?

இதையெல்லாம் இளவரசி மனதுக்குள்தான் சொல்லிக்கொண்டாள். வாயில் அச்சு முறுக்கு இருந்தது. அதை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தாள்.

டிசம்பரில் ஏதாவது ஒரு ஞாயிறு மதியம் அந்தப் படம் தவறாமல் வரும். எந்த நாட்டுப் படமோ தெரியாது. பனி கொட்டுகிற ஊரில் ஒரு தபால்காரன், வழி தவறிய ஒரு கரடி. இருவரும் கிறிஸ்துமஸுக்குள் ஒரு பொட்டலத்தை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தமிழில் குரல் கொடுத்தவர்களுக்கு என்ன தோன்றியதோ, தபால்காரனுக்குச் செந்தமிழையும் கரடிக்கு மெட்ராஸ் பேச்சையும் கொடுத்துவிட்டார்கள். மிஷன் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பெர்சிஸும் இளவரசியும் கல்யாணத்துக்குப் பிறகும் இதே ஊரில் தங்கிவிட்டதில், வருடா வருடம் இந்தப் படத்தை பெர்சிஸ் வீட்டில் ஒன்றாகப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. படம் ஓட ஓட அவர்களும் கூடவே வசனம் பேசுவார்கள். பெர்சிஸ் தபால்காரன். இளவரசி கரடி.

இந்த வருடம் சோபாவில் நடுவில் சுகாசினி உட்கார்ந்திருந்தாள். செவிலிமேட்டில் வாடகைக்கு வந்திருக்கிற பெண். ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை. ஜூன் மாதம் பெர்சிஸ் போகிற ஆலயத்தின் பாடகர் குழுவில் சேர்ந்தாளாம். அதற்குப் பிறகு இளவரசி எப்போது போன் செய்தாலும், "சுகா வந்துருக்கறாடி, அப்புறம் பேசட்டுமா" என்றுதான் பெர்சிஸ் சொன்னாள்.

சற்று முன்பு திரையில் தபால்காரன் பனியில் விழுந்து எழுந்தபோது, பெர்சிஸ் தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்: "கரடியாரே! என் மூக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதீர்கள்!"

இளவரசி முறுக்கை விழுங்குவதற்குள் சுகாசினி முந்திக்கொண்டாள். "இன்னா நைனா, இம்மாங் குளிர்ல உன் மூக்கு மட்டும் கொதிக்குது?"

நன்றாகத்தான் சொன்னாள். தொண்டையை அடைத்துக்கொண்டு, கரடியைப் போலவே. பெர்சிஸ் சோபாவில் சாய்ந்து சாய்ந்து சிரித்தாள். "எப்படிடி, ஒரே ஒரு தரம்தான் சொல்லிக் காமிச்சேன்!"

சொல்லிக் காட்டியிருக்கிறாள். அதாவது, இந்தப் படத்துக்கு முன்னாலேயே ஒருநாள், நான் இல்லாதபோது, கரடியையும் அவளே பேசிக் காட்டியிருக்கிறாள்.

"அக்கா, சாரி, நீங்கதான் கரடின்னு பெர்சிக்கா சொன்னாங்க, நான் பாட்டுக்கு..." சுகாசினி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அதுல இன்னாமா இருக்குது. யார் சொன்னா இன்னா" என்றாள் இளவரசி.

தன் குரல் எவ்வளவு பெருந்தன்மையாக ஒலித்தது என்பதைக் கேட்டபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. பொறாமை என்றால் நெருப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவளுக்கு அப்படி இல்லை. ஈரத்துணியை உடுத்திக்கொண்டு நல்ல சபையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. யாருக்கும் தெரியாது, ஆனால் அசைய முடியாது.

காலையில் கணவன் உதயகுமார் தறியில் உட்கார்ந்தபடியே கேட்டிருந்தான், "இன்னிக்கி கரடி இருக்குதா?" கோர்வைப் புடவை நெய்யும்போது ஓரத்துக் கரைக்கு நாடா வீச இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். உதயகுமாருக்கு அந்த ஆள் அவள்தான். அவள் எழுந்துவிட்டால் தறி நின்றுபோகும். இருந்தும் இந்த ஒரு மதியத்துக்கு அவன் முகம் சுளித்ததில்லை. "போ போ. கரடிய நான் கேட்டன்னு சொல்லு" என்று அனுப்பிவைத்தான்.

படத்தில் விளம்பரம் வந்தது. சுகாசினி எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்தாள். இத்தனை வருடங்களில் இளவரசி இந்த வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்ததே இல்லை. தாகம் எடுத்தால் "கொஞ்சம் தண்ணி குடுடி" என்பாள், பெர்சிஸ் கொண்டுவந்து கொடுப்பாள். அதை அவள் நெருக்கம் என்றே நினைத்திருந்தாள்.

"செவ்வாய்க்கிழம கேரல் சர்வீஸ் இல்ல?" என்று ஆரம்பித்தாள் பெர்சிஸ். "இந்த வருஷம் லோக்கல் கேபிள்ல காட்டப் போறாங்கடி. கிறிஸ்துமஸ் அன்னிக்கி காலையில போடுவாங்களாம். ஊரே பாக்கும்."

"தாலாட்டு பாடுவ இல்ல?"

"அது இல்லாமயா?"

தாலாட்டு பெர்சிஸின் அப்பா மெட்டுப் போட்டது. 'வைக்கோல் மேலே தூங்கும் நிலவே' என்று தொடங்கும். பள்ளியில் அவர்தான் பாட்டு வாத்தியார். பெர்சிஸுக்கு மேலே போகிற குரல், இளவரசிக்குக் கனத்த குரல். அதனால் மெட்டு பெர்சிஸுக்குப் போனது. மெட்டுக்குக் கீழே, அதை ஒட்டியும் ஒட்டாமலும் போகிற இரண்டாம் குரல் இளவரசிக்கு. ஆல்டோ என்பார்கள். பள்ளியில் பாடிய எந்தக் கிறிஸ்துமஸ் பாட்டிலும் அவளுக்கு வாய்த்தது அதுதான். இன்றைக்கும் எந்தப் பாட்டின் மெட்டையும் அவளால் முழுதாகப் பாட முடியாது. அடுப்படியில் தனியாக முனகினால், "இன்னாமா, ஒரே எடத்துல நின்னுக்கினு இருக்கற" என்று மகன் சிரிப்பான். தனியாகக் கேட்டால் அது பாட்டே இல்லை. பெர்சிஸ் மேலே பாடினால்தான் அது பாட்டு.

அந்தப் பழக்கம் எங்கே போனாலும் கூடவே வந்தது. இன்று விடியற்காலையில் பிள்ளையார் கோவிலில் மார்கழிப் பாட்டுக்குப் போயிருந்தாள். எல்லாப் பெண்களும் மெட்டில் மேலே ஏறியபோது இவள் குரல் தானாகக் கீழே இறங்கி வேறு வழியில் போய்விட்டது. முன்னால் நின்று பாடுகிற கிருஷ்ணம்மாள் கைத்தாளத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "இன்னாமா இளவரசி, நாங்கல்லாம் படியேறிக்கினு இருக்கறோம், நீ மட்டும் கீழ செருப்புக்குக் காவல் இருக்கறியா?" கோவிலே சிரித்தது. இவளும் சிரித்தாள். அவமானமாக இல்லை. எனக்கு வேறு ஒரு பாட்டில் இடம் இருக்கிறது என்ற எண்ணம் உள்ளே இருந்தது.

அந்த இடம் ஆலயத்தின் கடைசி பெஞ்சு. கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனையான அந்தக் கேரல் சர்வீஸுக்கு அவள் வருடம் தவறாமல் போவாள். மேடையில் பெர்சிஸ் தனியாகத் தாலாட்டைப் பாடுவாள், கீபோர்டு மட்டும் துணைக்கு. கடைசி பெஞ்சில் இளவரசி வாயை மூடிக்கொண்டு, தொண்டைக்குள் கீழ்க்குரலைப் பாடுவாள். பாட்டின் மூன்றாவது அடியில் பெர்சிஸ் கண்ணைத் திறந்து நேராகக் கடைசி பெஞ்சைப் பார்ப்பாள். அந்த ஒரு பார்வைக்காகத்தான் போவது. இது அவர்கள் பேசிக்கொண்ட விஷயம் இல்லை. பேசினால் கெட்டுவிடும் என்று இளவரசி நினைத்திருந்தாள்.

"இந்தத் தடவ ரெண்டு குரல்ல பாடப் போறோம்டி" என்றாள் பெர்சிஸ். "நானும் சுகாவும்."

இளவரசி டிவியைப் பார்த்தாள். யாரோ நகைக்கடைக்காரர் குடும்பத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாடிக் காட்டு சுகா, நீ போட்டத."

சுகாசினி கூச்சப்பட்டாள். பிறகு பெர்சிஸ் தொடங்க, அவள் கீழே சேர்ந்துகொண்டாள். அது பெர்சிஸின் அப்பா போட்ட கீழ்க்குரல் இல்லை. அவளே போட்டுக்கொண்டது. அழகாக இருந்தது. மோசமாக இருக்க வேண்டும் என்று இளவரசி காது கொடுத்துத் தேடினாள், எங்கேயும் கிடைக்கவில்லை. 'நிலவே' என்கிற இடத்தில் இரண்டு குரலும் சேர்ந்து நின்றபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன் உடம்பே தனக்குத் துரோகம் செய்வதாக நினைத்தாள்.

"நல்லாருக்குது" என்றாள்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா அப்பாவோடது இல்லையே. அப்பாவோடது வேற மாதிரி இருக்கும், இல்ல? நான் மேலயே பாடினதுல எனக்குக் கீழ ஒண்ணும் ஞாபகம் இல்ல." பெர்சிஸ் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "சுகா, அந்த போனை எடு. வீடியோக்கு இன்னா கட்டலாம்னு பாத்தமே, அந்தப் புடவைய இவளுக்குக் காமி. நீ சொல்லுடி, மேடையில எடுப்பா தெரியுமா?"

போனில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவை இருந்தது.

"தெரியும். கண்ணாடியக் கழட்டிடு, வெளிச்சம் பட்டு மின்னும்."

"நான் எப்பவும் கழட்டிட்டுதான்டி மேல ஏறுவேன். மொத வருஷத்துலேந்தே. அதுதான் வசதி, ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது. எதுரால ஒரே மங்கல். கடைசியில வாசக்கதவு வெளிச்சம் மட்டும் தெரியும், கண்ணத் தொறந்தா அதையே பாத்துக்கினு பாடிடுவேன். இல்லன்னா பயத்துல நாக்கு ஒட்டிக்கும்." பெர்சிஸ் சிரித்தாள். "ஆமா, போன வருஷம் நீ வந்தியா? நான் பாக்கவே இல்லையே."

"வந்தேன்" என்றாள் இளவரசி.

வாசற்கதவின் வெளிச்சம். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் கதவு. சரிதான்.

எத்தனையோ டிசம்பர்கள் அவளுக்குள் ஒவ்வொன்றாக விளக்கணைந்தன. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. யோசிக்க ஒரு வேலை கிடைத்தது போல மனம் தெளிவாக இருந்தது. அப்படியானால் அங்கே பெர்சிஸ் இல்லை. அவள் மேலே தனியாகப் பாடியிருக்கிறாள், நான் கீழே தனியாகப் பாடியிருக்கிறேன். இரண்டும் சேர்ந்தது என் தொண்டைக்குள் மட்டும்தான். அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

இதைக் கண்டுபிடித்ததும் பொறாமை போய்விட வேண்டும் என்றுதான் நியாயம் சொல்கிறது. போகவில்லை. இருக்கிற இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டது. இதுவரை அவள் பெர்சிஸுக்காகப் பொறாமைப்பட்டாள். இப்போது அந்தக் கீழ்க்குரலுக்காக.

"அதான் உன்ன கேக்கறேன்" என்றாள் பெர்சிஸ். "அப்பா போட்டத நீதான் ஞாபகம் வெச்சிக்கினு இருக்கற. ஒரு தரம் பாடு. சுகா போன்ல பதிஞ்சிக்குவா. அவளுக்கு ரெண்டு தரம் கேட்டா போதும், அப்படியே புடிச்சிக்குவா."

"கரடிய புடிச்ச மாதிரி" என்றாள் இளவரசி.

சுகாசினி சிரித்தாள். பெர்சிஸும் சிரித்தாள். இளவரசியும் கொஞ்சம் சிரித்தாள்.

"நான் மெட்டப் பாடறேன், நீ கீழ பாடு. எவ்வளவு நாளாச்சி நம்ம பாடி!" பெர்சிஸ் அவள் கையைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது. பழைய சூடு. "சர்வீஸ் அன்னிக்கி நீ முன்னாடி வந்து ஒக்காரு. இந்தக் குரல் சொல்லித் தந்தது எங்க இளவரசின்னு ஆயர விட்டே சொல்லச் சொல்றேன். பேர் கேபிள்ல வரும்டி."

பெர்சிஸ் பொய் சொல்கிறவள் இல்லை. பேரைச் சொல்லச் சொல்வாள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு இளவரசி முன் பெஞ்சில் உட்கார்ந்து, தன் குரல் இன்னொருத்தி வாயிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கேபிளில் உதயகுமார் பார்ப்பான், மகன் பார்ப்பான். 'இதானாமா நீ அடுப்படியில முனகறது?' என்பான்.

சுகாசினி போனைக் கையில் தயாராக வைத்திருந்தாள். கெட்ட பெண் இல்லை. அவள் கண்ணில் உண்மையான ஆசை இருந்தது. பாட்டின் மேல் ஆசை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அக்கா, கஷ்டமா இருந்தா மொத ரெண்டு அடி மட்டும் போதும்."

விளம்பரம் முடிந்து படம் மறுபடி ஓடத் தொடங்கியது. பெர்சிஸ் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடைத்தாள். திரையில் பனி மட்டும் ஓசையில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. தபால்காரனும் கரடியும் வாயை வாயை அசைத்தார்கள்.

பெர்சிஸ் கண்ணை மூடிக்கொண்டு மெட்டைத் தொடங்கினாள். 'வைக்கோல் மேலே...'

இளவரசியின் தொண்டைக்குள் கீழ்க்குரல் தானாக எழுந்தது. அதை அவள் தடுக்கவில்லை. வாய் மூடியிருக்க, உள்ளே அது தன் வழியில் நடந்தது. முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி. எங்கும் தடுமாறவில்லை, எதுவும் மறக்கவில்லை. வெளியே ஒரு மூச்சுக்கூடக் கேட்கவில்லை.

பெர்சிஸ் நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். இந்த முறை அவளுக்கு முகம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

"இன்னாடி, மறந்துட்டியா?"

ஆமாம் என்றால் முடிந்துவிடும். சுலபமான பொய், யாருக்கும் வருத்தம் இல்லை. இளவரசி தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"மறக்கல" என்றாள். "சுகா போட்டதே நல்லாருக்குது. அதையே பாடுங்க."

"அப்பாவோடது வேணும்டி எனக்கு."

"தெரியும் பெர்சி. நான் தர மாட்டேன்."