மாதா போன வழி

எனக்கு இக்னேஷியஸ் மேல்தான் சந்தேகம். துறைமுகத்தில் கப்பல் கப்பலாக ஏறி இறங்குகிற ஆள். புதுக் காய்ச்சல் வேறு எந்த வழியாக ராயபுரத்துக்குள் வரும்? வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கெடுப்பது என் வேலை. பட்டியலில் முதல் ஆளாக அவன் பெயரைப் போட்டேன். மறுநாளே அவனுடைய துறைமுக பாஸை நிறுத்திவிட்டார்கள். தெருவே அவனைக் கண்டால் கதவைச் சாத்தியது. எனக்கு உள்ளூரப் பெருமைதான், பொய் சொல்வானேன்.

ஆனால் தேதிகள் உதைத்தன. ஆலிஸ் வீட்டில் ஏழாம் தேதியே காய்ச்சல், சாவியோ வீட்டில் எட்டு. இக்னேஷியஸுக்கு ஒன்பது என்று எழுதியிருந்தது. புளுகுகிறான் என்று நேரே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி பிலோமி வாசலை மறித்து நின்றாள்.

"நெஜத்த சொல்லு பிலோமி. உன் வூட்டுக்காரருக்கு எப்போ காய்ச்சல் வந்துச்சு?"

"எத்தினி வாட்டி சொல்றது ஜானட்டு? மாதா எங்க வூட்டுக்கு வந்து ரெண்டு நாள் கயிச்சு."

இது ஜெபமாலை மாதம். மாதா சுரூபம், அதாவது சிலை, தினம் ஒரு வீட்டுக்குப் போகும். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் ஜெபம் நடக்கும். விரல் விட்டு எண்ணினேன். ஐந்தாம் தேதி ஆலிஸ் வீடு, ஆறு சாவியோ, ஏழு இவர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ரெண்டே நாளில் காய்ச்சல்.

"மாதா மேலயே பயி போடுறியா?" என்று எரிந்து விழுந்தேன்.

"அய்ய, வாயக் கயுவு! மாதாவத் தூக்கினு வந்தது யாரு? ஜெபம் பூரா லொக்கு லொக்குனு இருமிகினே இருந்தாரு. கேட்டா தொண்ட கட்டிக்கிச்சாம்."

இந்த மாதம் வீடு வீடாக மாதாவைத் தூக்கிப் போவது நோயல். என் புருஷன்.

நாலாம் தேதி எர்ணாவூர் கம்பெனியிலிருந்து வந்தபோதே அவருக்கு உடம்பு கொதித்தது. வீட்டில் காய்ச்சல் என்றால் ரெண்டு வாரம் என்னை வேலைக்கு வராதே என்பார்கள். "சளிதான், யார்கிட்டயும் சொல்லாத" என்று மாத்திரை கொடுத்தவள் நான். சளி என்றே நம்பினேன். நம்பத்தான் ஆசைப்பட்டேன்.

உள்ளேயிருந்து இக்னேஷியஸ் குரல் கொடுத்தான். "யாரு பிலோமி? பாஸ் குடுத்துட்டாங்களா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கையிலிருந்த கணக்கெடுப்பு டேப்லெட்டில் அவன் பெயரை ஒன்பதாம் தேதிக்கு இறக்கி, முதல் வரியில் நோயல் என்று அடித்தேன். அனுப்ப விரல் வரவில்லை. டேப்லெட்டைப் பிலோமியிடம் நீட்டினேன்.

"நீயே அமுக்கிடு, பிலோமி."