சுரைக்கொடி சாத்திய கதவு

கதவு நான்கு விரல் அகலத்துக்குத் திறந்தது. அதற்கு மேல் அசையவில்லை. மூன்று நாள் காய்ச்சலில் படுத்துக் கிடந்துவிட்டு, புதன்கிழமை காலை பல் விளக்க வெளியே வரலாம் என்று தள்ளினேன். இடுக்கு வழியாக என்னைப் பார்த்தது ஒரு சுரைக்காய்.

என் பெயர் பழனியாண்டி. தீவில் கப்பல்கள் வந்து கட்டும் ஹேடோ வார்ஃபில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டினேன். வார்ஃபுக்கு மேலே மேட்டில் வரிசை வீடுகளில் கீழ்த்தளத்து வீடு எனக்கு. முன்பக்கம் வெளியே திறக்கிற ஒரு கதவு. பின்பக்கமும் கதவு உண்டு. ஆனால் அதை ஒட்டி ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் நிற்கிறது. மூன்று நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும் ஊரில் டேங்கை நகர்த்து என்று யாரிடமும் கேட்க முடியாது. ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. ஆக, வெளியே போக இருப்பது அந்த நான்கு விரல்தான்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சென்னைக் கப்பல். அதில் எனக்கு பங்க் டிக்கெட், அடுக்குப் படுக்கையில் ஓர் இடம். அந்தக் கப்பலில் நான் போயே ஆக வேண்டும். காரணம் என் மனைவி ஜெயலட்சுமி.

அவள் கோபித்துக்கொண்டு தூத்துக்குடியில் தம்பி வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. கிரேன் கொக்கியில் பத்து வருஷமாக ஏறியிருந்த துருவை அவள் வைத்த ரசத்தை ஊற்றித்தான் எடுத்தேன், துருவோடு கொக்கியில் பாதியும் போய்விட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தேன். அது ஹிந்தியாகி, பெங்காலி வீடுகளுக்குப் போய், தெலுங்கு வீடுகள் வழியாகச் சுற்றி மார்க்கெட்டில் அவள் காதிலேயே விழுந்தது. போன வாரம் போனில் கடைசியாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"இந்தக் கப்பல்ல நீங்களே நேர்ல வந்து, என் தம்பி முன்னாடி அது பொய்னு சொல்லணும். இல்லேன்னா இனி நான் அந்தத் தீவுப் பக்கம் காலெடுத்து வைக்க மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். நாற்பத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன்.

இனி சுரைக்காய். வீட்டுக்கு வீடு தோட்டம், தெருவுக்கு ஒரு பொதுத் தோட்டம் என்று நாடு முழுக்க ஓர் இயக்கமும் அதற்கொரு போட்டியும் ஆரம்பித்தார்கள். எங்கள் மேட்டுக்கு அதன் அமைப்பாளர், மாடியில் இருக்கும் உமா மகேஸ்வரி. வார்ஃப் ஆபீஸில் ஹெட் கிளார்க். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தால்தான் எங்களுக்குத் தக்காளி. கடல் கொந்தளித்துக் கப்பல் தங்கிவிட்டால் தக்காளியைக் காலண்டர் படத்தில்தான் பார்க்கலாம். அதனால் நாற்பது குடும்பமும் உற்சாகமாகச் சேர்ந்தது. முதல் கூட்டத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். எண்பத்தெட்டாம் வருஷம் கிரேன் கேபினுக்குள் பாகல் போட்டேன், காய் பறிக்கக் கேப்டன்கள் கீழே வரிசையில் நின்றார்கள் என்று சொன்னேன். உமா மகேஸ்வரி அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு, மேட்டின் சார்பில் போட்டிக்குப் போகும் சுரைக்கொடி என் வீட்டு வாசலில்தான் என்று அறிவித்துவிட்டார். ஜெயித்தால் வார்ஃப் பின்னால் சும்மா கிடக்கும் நிலம் நாற்பது குடும்பத்துக்கும் பொதுத் தோட்டமாகக் கிடைக்கும். நானும் கையெழுத்துப் போட்டேன்.

கொடி வளர்ந்ததை எப்படிச் சொல்வது. எதிர்வீட்டு நந்தகுமார் காலையில் அதன் நுனியில் துண்டைக் காயப்போட்டான். சாயங்காலம் துண்டை எடுக்க மாடிக்கு ஏற வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் இங்கே வரும் பெரிய நத்தைகள் ஒரு கூட்டமாக அதைத் தின்னக் கிளம்பின. இரண்டு நாள் துரத்திப் பார்த்துவிட்டு, நுனியைப் பிடிக்க முடியாமல் மூச்சு வாங்கத் திரும்பிப் போயின.

தவறு கொடியுடையது அல்ல. என் கையுடையது. பந்தலுக்குக் கயிறு கட்டியவன் நான். கப்பல் தளத்தில் கண்டெய்னரைக் கட்டுகிறவனுக்கு ஒரே கட்டுத்தான் தெரியும்: மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்டு இழுத்துக் கட்டுவது. கதவின் இருபுறமும் நிற்கும் இரும்புத் தூண்களுக்கு, வார்ஃபில் கழித்துப் போட்ட மணிலா கயிற்றால் அப்படித்தான் கட்டினேன். கதவைத் திறந்து குனிந்து போக வர தொய்வு விட்டிருந்தேன். மணிலா கயிறு நனைந்தால் சுருங்கும். முப்பத்தொரு வருஷம் அதைப் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். மூன்று நாள் மழையில் கயிறு சுருங்கிக் கதவை அழுத்த, கொடி அதன்மேல் சுற்றிச் சுற்றி என் தொடைக் கனத்துக்கு ஆகிவிட்டது. உள்ளே நான் காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இடுக்கு வழியாகக் கூப்பிட்டேன். நந்தகுமார் வந்தான். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், படகுத் துறையில், வேலை. எனக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்ததும் அவன்தான். ஹிந்தி கலந்து பேசுவான்; நான் அவனுக்கு சாச்சா, அதாவது சித்தப்பா.

"க்யா சாச்சா, உள்ள என்ன பண்றீங்க?"

"மாட்டிக்கிட்டேன்டா. கயித்த அறு."

அவன் சிரித்தான். "போன வருஷம் முதலை உங்க பாத்ரூம்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லி எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர லீவு போட வச்சீங்க. யாத் ஹை, ஞாபகம் இருக்கா?"

"அது வேற. இது நிஜம்."

"அதுவும் நிஜம்னுதான் சொன்னீங்க."

வீட்டில் இருந்த ஒரே கத்தியை எடுத்து இடுக்கு வழியாக நீட்டிக் கயிற்றை அறுக்கப் பார்த்தேன். பாதி அறுபட்டிருக்கும். ஒரு வளையல் கை வந்து கத்தியை மெதுவாக வாங்கிக்கொண்டது.

"அங்கிள், என்ன இது?" என்றார் உமா மகேஸ்வரி. "நாளைக்கு நடுவர்கள் வர்றாங்க. தினமும் ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருக்கோம். ஒரு இலை குறைஞ்சாலும் கேள்வி வரும்."

"வெள்ளிக்கிழமை எனக்குக் கப்பல்மா."

"வியாழக்கிழமையே வந்துடுவாங்க. பாத்துட்டுப் போனதும் நானே வெட்டி விடறேன். உங்க கையெழுத்து இருக்கு பாருங்க." டெய்லர் டேப்பை எடுத்துக் காயை அளந்தார். "நாலடி ரெண்டங்குலம். நேத்தைவிட மூணு அங்குலம் கூட. அங்கிள், நீங்க கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க, மூச்சுக்காத்து படுது."

வியாழக்கிழமை நடுவர்கள் வந்த விமானம் எங்கள் மேகத்தைப் பார்த்துவிட்டு இறங்காமல் கல்கத்தாவுக்குத் திரும்பியது. நான் கட்டிலில் உட்கார்ந்து ஜெயலட்சுமிக்காக எடுத்துவைத்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் பச்சை வெளிச்சம். ஜன்னல் இரண்டையும் இலை மூடிவிட்டது. கையில் பிடித்த தம்ளர் தண்ணீர்கூடப் பச்சையாகத் தெரிந்தது. இரவில் கதவு லேசாக முனகியது. காற்று இல்லை. கொடிதான் வளர்ந்துகொண்டிருந்தது. காலையில் அளந்தேன்: மூன்று விரல்.

வெள்ளிக்கிழமை பதினொன்றுக்கு விமானம் இறங்கிவிட்டது என்று சேதி வந்தது. வார்ஃபில் எனக்கான கப்பல் கட்டி நிற்பது இடுக்கு வழியாகத் தெரிந்தது. அதன் நெற்றியில் ஒரு பாதியும் புகைபோக்கியில் கால் பங்கும். பன்னிரண்டு மணி. நடுவர்களை முதலில், எங்களோடு போட்டியிட்ட வண்டூர்க்காரர்கள் தங்கள் தோட்டத்தைக் காட்டக் கூட்டிப் போய்விட்டார்கள். ஒரு மணி. வண்டூரில் சாப்பாடு. இரண்டு மணி. கப்பல் கேட் மூட ஒன்றரை மணி நேரம். நந்தகுமார் என் பெட்டியையாவது வாங்கிக்கொண்டு போகிறேன் என்றான். மூன்று விரலில் பெட்டி எப்படிப் போகும் என்று இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தோம்.

மூன்றரைக்குத்தான் ஜீப் வந்தது. இரண்டு பேர். தில்லிக்காரர்கள். நாற்பது குடும்பமும் வாசலில். கைதட்டல். பெரியவர் காயைத் தடவினார், இலையைத் திருப்பிப் பார்த்தார், பிறகு இடுக்கில் என் ஒரு கண்ணைப் பார்த்தார்.

"யே ஆத்மி அந்தர் க்யா கர் ரஹா ஹை?" இந்த ஆள் உள்ளே என்ன செய்கிறான் என்று கேட்டார்.

"பந்த் ஹூன், சாப்," என்றேன். "மாட்டிக்கிட்டேன்."

உமா மகேஸ்வரி சிரித்தார். "மஸாக் கர்தே ஹைன், சார். விளையாட்டுக்குச் சொல்றார். செடியப் பிரிஞ்சு இருக்க முடியாம உள்ளயே இருக்கார்." கூட்டமும் சிரித்தது. பெரியவர் நெகிழ்ந்துபோய் ஏதோ எழுதிக்கொண்டார்.

அப்போது என் போன் அடித்தது. ஜெயலட்சுமி.

"கப்பல் ஏறிட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லாமல் போனது எனக்கு வாழ்க்கையில் அதுவே முதல் முறை. பழக்கம் இல்லாததால் நாக்கு குழறியது. "சுரக்கா கதவ சாத்திடுச்சு."

"முடிஞ்சுதுங்க. வச்சிடறேன்," என்றாள்.

"வைக்காத. உமாகிட்ட கேளு. உமா, போனை வாங்கு. வீடியோவுல காட்டு."

உமா மகேஸ்வரி வாங்கிக் காட்டினார். காய், கயிறு, தூண், மாடி வரை போன கொடி, கடைசியில் என் கண்.

"அந்தக் கட்டு அவர் கட்டுத்தான்," என்றாள் ஜெயலட்சுமி. "எங்க கல்யாணப் பெட்டியவும் அப்படித்தான் கட்டினார். மூணு நாள் பிரிக்க முடியல."

"இப்ப நம்பறியா?"

"நம்பறேன். சுத்தி எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப ரசத்தப் பத்திச் சொல்லுங்க. என் தம்பி இங்க பக்கத்துல கேட்டுட்டு இருக்கான்."

கீழே கப்பலில் முதல் சங்கு ஊதியது. மூன்று விரல் இடுக்கில் வாயை வைத்தேன். "கொக்கித் துருவை எடுத்தது டீசல். ரசம் இல்லை."

"ஹிந்தியில. ஹிந்தியிலதானே அது பெங்காலிங்ககிட்ட போச்சு."

ஹிந்தியில் சொன்னேன். பிறகு அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கிலும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நந்தகுமார் மட்டும், "சாச்சா, நான் அதை ஃபீனிக்ஸ் பேயில மூணு கப்பல்காரங்களுக்குச் சொல்லிட்டேனே. அவங்க ரசம் வாங்கிட்டுப் போய் ஊத்தினாங்க," என்றான் வருத்தமாக.

இரண்டாவது சங்கு ஊதியது. இடுக்கில் தெரிந்த கப்பல் நெற்றி மெல்ல நகர்ந்து, கதவின் விளிம்புக்குப் பின்னால் போய் மறைந்தது. என் பங்கில் யாரும் படுக்காமலே அது போயிற்று.

"நானே வர்றேன்," என்றாள் ஜெயலட்சுமி. "அதே கப்பல் திரும்பறப்ப ஏறிடறேன். உமா, கேக்குதா? நான் வர்ற வரைக்கும் அந்தக் கயித்துல யாரும் கை வைக்க வேண்டாம்."

"சரிங்கக்கா," என்றார் உமா மகேஸ்வரி உடனே. "காயையும் விதைக்கு விடணும். எப்படியும் வெட்டக் கூடாது."

நான் ஏதோ சொன்னேன். நடுவர்களின் கைதட்டலில் அது கேட்கவில்லை.

எங்கள் மேடுதான் ஜெயித்தது. வார்ஃப் பின்னால் நிலத்தை அளந்தார்கள், கல் பொறுக்கினார்கள், நாற்பது பாத்தி போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கீரை விதைத்ததை இடுக்கு வழியாக ஒரு பாத்தி அளவுக்குப் பார்த்தேன். அது யாருடைய பாத்தி என்று தெரியவில்லை. எனக்கு ஜன்னல் கம்பி வழியாகச் சாப்பாடு வந்தது. ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீடு, ஆனால் எல்லா வீட்டிலும் சுரைக்காய்க் கூட்டு. கொடியின் மற்ற காய்களை ஆளுக்கொன்றாகப் பங்கு வைத்திருந்தார்கள். சொந்தக் காயைத் தின்று சொந்தக் கொடிக்குள் பூட்டிக் கிடப்பவன் எதையும் குறை சொல்ல முடியாது.

பதினோராம் நாள் செவ்வாய்க்கிழமை கப்பல் வந்தது. ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. டிரங்குப் பெட்டியை வாசலில் இறக்கி, அதன்மேல் அவள் உட்கார்ந்தாள். இடுக்கில் அவள் முழங்காலும் கையில் ஒரு பெரிய கத்தரிக்கோலும் தெரிந்தன. இளைத்திருந்தாளா என்று பார்க்க முடியவில்லை.

"வந்துட்டியா," என்றேன்.

"வந்துட்டேன். ரசம் தவிர வேற என்னென்ன சொல்லி வச்சிருக்கீங்க என்னப் பத்தி?"

"ஒண்ணும் இல்ல."

அவள் கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். நாற்பத்தாறு வருஷமாகத் தெரியும், அவளுக்கு அவசரமே கிடையாது. அரை மணி கழித்து, அவளைப் பற்றி அளந்துவிட்டிருந்த பொய்களில் ஒன்றைச் சொன்னேன். ஒரு சுருள் அறுந்து விழுந்தது. இன்னொன்று சொன்னேன். இன்னொரு சுருள். நான் சின்னதாகச் சேர்த்துச் சொன்ன இடத்தில் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. திருத்திச் சொன்ன பிறகுதான் நகர்ந்தது.

புதன்கிழமை முழுக்கச் சொன்னேன். வியாழக்கிழமை மத்தியானம் என் இடது தோள் வெளியே வந்தது. வலது தோளுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருந்தது.