பாரம் தாங்காத மாப்பிள்ளை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு அது எங்கே இருக்கிறது என்று கல்யாணமான நாளிலிருந்து தேடுகிறேன், இன்னும் அகப்படவில்லை. அதனால் எங்கள் லாரி நடுவழியில் நின்றபோதெல்லாம் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கோபப்பட வேண்டியிருந்தது. அதுவும் ஒரு உழைப்புதான்.

லாரி பழையது. ஆனால் வாரண்டியோடு வாங்கியது. பழைய வண்டிகளை வாங்கி விற்கும் பெரிய கடை, அதற்குப் பின்னால் அவர்களுடைய ஒர்க்‌ஷாப். ஆறு மாதத்துக்குள் எது கெட்டாலும் எங்கள் பொறுப்பு என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்கள். நானும் அவரும் அவருடைய தங்கையும் சேர்ந்து, வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் தொழில் தொடங்கினோம். அவர் ஓட்டுவார். நான் கட்டுவேன், அடுக்குவேன், கண்ணாடிச் சாமானுக்குப் பழைய போர்வை சுற்றுவேன். நாத்தனார் பேசுவாள். பேச்சு என்றால் லேசாக நினைக்க வேண்டாம். வீட்டைக் காலி செய்கிறவர்கள் வாசலில் நின்றுகொண்டு கண் கலங்குவார்கள். அவர்களைச் சிரிக்க வைத்துக் கிளப்புவது அவள் வேலை. அவளை நாங்கள் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். அணைக்கும் பொத்தானை வைக்க மறந்துவிட்டார்கள்.

இந்தத் தொழில் எங்களுக்கு எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்தவர். வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீரில். மகள் முதன்முதலாக நடந்ததை போனில் பார்த்தார், அவளுக்குப் பால் பல் விழுந்ததையும் போனில் பார்த்தார். விடுமுறைக்கு வந்தால் விருந்தாளி மாதிரி கூடத்தில் உட்கார்ந்துகொண்டு துண்டு எங்கே இருக்கிறது என்று கேட்பார். இந்த வருஷம் பிறந்ததும் நான் ஒரே போடாகப் போட்டேன், கப்பலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இங்கேயே இருங்கள் என்று. அவரும் இருந்தார். லாரி ஓடினால் அவர் வீட்டில் இருப்பார், ஓடாவிட்டால் மறுபடியும் கப்பல். விஷயம் அவ்வளவுதான்.

லாரி ஓடத்தான் செய்தது. எப்போது நிற்க வேண்டும் என்பதில்தான் அதற்கு ஒரு கொள்கை இருந்தது.

முதலில் ஒரு புதுமணத் தம்பதியின் சாமான்களோடு பாலத்து ஏற்றத்தில் நின்றது. பின்னால் வண்டிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. ரேடியோ கீழே இறக்கிய சோபாவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, போக்குவரத்துப் போலீஸ்காரரிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தாள். வேறு வண்டி பிடித்து எல்லாவற்றையும் மாற்றினோம். எல்லாம் முடிந்த பிறகு அவர் சும்மா சாவியைத் திருகினார். லாரி ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் ஒரு முடிதிருத்தும் கடையின் சுழல் நாற்காலிகளோடு நின்றது. அப்புறம் ஒரு தலைமை ஆசிரியரின் புத்தக அலமாரிகளோடு. அந்த மனிதர் மட்டும் வருத்தப்படவில்லை, ஒரு பெட்டியைப் பிரித்து ஓரமாக உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒவ்வொரு முறையும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். மேனேஜர் நல்ல மனிதர், ஆள் ஆஜானுபாகு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு லாரியை ஒரு சுற்றுச் சுற்றுவார். ஓட்டிப் பார்ப்பார்கள். தங்கக் கம்பியாக ஓடும்.

"ஒண்ணும் இல்லையே" என்பார்.

"ஒண்ணும் இல்லாமலா பாலத்துல நின்னுச்சு?" என்பேன் நான்.

"இங்க நிக்கலையேங்க. நின்னாத்தானே எதுன்னு பாக்க முடியும்?"

சும்மா அனுப்பவும் மனம் வராமல் எதையாவது மாற்றிக் கொடுப்பார். பேட்டரியை மாற்றினார். டீசல் பம்பை மாற்றினார். அப்படியே போய்ப் பாதி வண்டி புதிதாகிவிட்டது. மீதிப் பாதி எங்கே நோகிறது என்று வாயைத் திறக்கவில்லை. ரேடியோ அவருக்கு 'ஒண்ணுமில்லை சார்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

வாரண்டி முடிய ஒரு வாரம்கூட இல்லாத நிலையில் ஒரு தையல்கடையின் இரும்பு மேஜைகளோடு மறுபடியும் நின்றது. மறுநாள் காலை என் வீட்டுக்காரர் வழக்கம்போல லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். அது அவருடைய கப்பல் பழக்கம். எதையும் அழுக்கோடு இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார். செருப்பைத் தைக்கக் கொடுத்தாலும் கழுவித் துடைத்துக் கொடுக்கிற ஆள். ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முன் லாரியில் ஒரு கயிறு, ஒரு சாக்கு, ஒரு ஸ்பேனர் மிச்சமிருக்காது. எல்லாவற்றையும் இறக்கி, பெருக்கி, தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றி எடுப்பார். பார்க்கிறவர்கள் நாலு பேர் பாராட்ட வேண்டும் என்று நானும் கூடமாட நின்று தேய்ப்பேன்.

நடுவில் அவருடைய போன் அடித்தது. கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"யாரு?"

"கப்பல் கம்பெனி. மாசக் கடைசியில கிளம்புதாம். எடத்த இன்னும் யாருக்கும் குடுக்கலையாம்."

"என்ன சொன்னீங்க?"

"பாத்துச் சொல்றேன்னு சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் தேய்க்கப் போய்விட்டார்.

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "போதும், விடுங்க. அது பளபளன்னு இருந்து என்னத்தக் கண்டோம்" என்று குழாயை மூடினேன்.

படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த ரேடியோ அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அண்ணி, இது வண்டியே இல்ல. வீட்டோட மாப்பிள்ளை. நேரத்துக்கு டீசல் குடிக்குது, வேலைன்னா படுத்துக்குது. நீங்களும் அண்ணனும் அத குளிப்பாட்டி, தலை சீவி, வெறுங்கைய வீசிக்கிட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்க. அங்க போய் ஜம்முனு நடந்து காட்டுது. மூட்டையத் தூக்கச் சொல்லி அனுப்புங்க, அப்பத் தெரியும் அதோட பவிசு."

சொல்லிவிட்டு அவள் காபியைக் குடித்தாள். நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாலத்தில் சோபா. அப்புறம் நாற்காலிகள், அலமாரிகள், மேஜைகள். இறக்கியதும் கிளம்பியது. ஒவ்வொரு முறையும் இறக்கியதும் கிளம்பியது. இத்தனை மாதம் நாங்கள் நோயைத் துடைத்தெடுத்துவிட்டு வைத்தியத்துக்குப் போயிருக்கிறோம்.

பாரம் ஏற்றி அனுப்பலாம் என்றால் அன்று யாரும் வீடு மாறவில்லை. லாரி நிற்கிற சேதி ஊர் முழுக்கப் பரவியிருந்தது, போனும் அடிக்கவில்லை. "நம்ம வீட்டையே ஏத்துங்க" என்றேன்.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பீரோ, கட்டில், மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கிற மெஷின், மகளுடைய படிக்கிற மேஜை, அண்டா குண்டா எல்லாம் ஏறியது. நான் உள்ளே கட்டிக் கொடுக்கக் கொடுக்க அண்ணனும் தங்கையும் ஏற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து, சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்கிறீர்களே என்று மூக்கைச் சிந்தினாள். அவளைச் சமாதானப்படுத்த ரேடியோவுக்குக்கூட நேரம் பிடித்தது. மகளுக்குப் பள்ளி விடுமுறை, முன்சீட்டில் என் மடியில் ஏறிக்கொண்டாள்.

வழியில் நிற்கும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. பாலத்தில்கூட நிற்கவில்லை. லாரி தோரணையாக ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தது. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து அண்ணாந்து பார்த்தார். "என்னங்க இது, குடும்பத்தோட கிளம்பிட்டீங்க?"

"வண்டி சரியாகுற வரைக்கும் இங்கதான் குடித்தனம். கட்டில எங்க போடலாம்னு சொல்லுங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் இறங்கி வந்து, அவருடைய பாணியில் பொறுமையாக, பாரம் ஏறினால்தான் நிற்கிறது என்று விளக்கினார்.

"இப்ப பாரத்தோடதானே வந்தீங்க? ஒண்ணும் இல்லையே" என்றார் மேனேஜர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருஷக்கணக்காகச் சேர்த்த சொத்து என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே, எங்கள் வீட்டில் அவ்வளவு சாமான் இல்லை. ஒரு தலைமை ஆசிரியரின் புத்தகக் கனம்கூட அது வரவில்லை.

"பாரம் பத்தல. ஆளுங்க ஏறுங்க" என்றேன்.

ஒர்க்‌ஷாப் பையன்கள் முழித்தார்கள். ஆனால் ரேடியோ அதற்குள் மேலே ஏறிக் கட்டிலை விரித்துப்போட்டுவிட்டாள். "வாங்க, வாங்க, கூச்சப்படாதீங்க, நம்ம வீடுதான்" என்று கை கொடுத்தாள். மெக்கானிக்குகள் ஏறினார்கள். தங்கள் வண்டிக்காகக் காத்திருந்தவர்கள் வேடிக்கை பார்ப்பதற்குப் பதிலாக ஏறிவிடலாம் என்று ஏறினார்கள். கணக்குப் பார்க்கிற அம்மாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மெத்தையில் உட்கார்ந்தாள். ஒருவருக்கொருவர் எந்த ஊர்ப் பக்கம், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று பேச்சு வேறு களை கட்டியது. இன்ஜின் மட்டும் சீராக ஓடிக்கொண்டே இருந்தது.

மேனேஜர் தலையை ஆட்டினார். "நான்தான் சொன்னேனே..."

"சார், நீங்களும் ஏறுங்க" என்றேன்.

"நான் எதுக்குங்க?"

"எல்லாரும் வந்தாச்சு சார், நீங்க ஒருத்தர் வரலைன்னா நல்லாவா இருக்கும்?" என்றாள் ரேடியோ மேலே இருந்து. "உங்களுக்குன்னு பீரோ பக்கத்துல நாற்காலி போட்டிருக்கேன்."

மரியாதையாகக் கூப்பிட்டால் மறுக்கத் தெரியாத மனிதர். இரண்டு பேர் மேலே இருந்து இழுக்க, இரண்டு பேர் கீழே இருந்து தள்ள, ஏறினார். நாற்காலியில் உட்கார்ந்து சட்டையைச் சரி செய்துகொண்டார்.

இன்ஜின் ஒரு தடவை செருமியது. நின்றுவிட்டது.

கணக்கு அம்மாள்தான் முதலில் சிரித்தாள், அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. மேனேஜரும் நாற்காலி குலுங்கச் சிரித்தார். அவரை இறக்கினோம், வண்டி கிளம்பியது. ஏற்றினோம், நின்றது. அடுத்த முறை நாங்கள் சொல்லாமலே அவராக இறங்கி அவராக ஏறினார்.

தலைமை மெக்கானிக் டார்ச்சோடு அடியில் புகுந்தார். "சார், அப்படியே உக்காந்திருங்க, அசையாதீங்க. நசுங்கிடுச்சு சார்."

"என்னய்யா நசுங்கிடுச்சு?" என்றார் மேனேஜர் பதறிப்போய்.

"வயர் சார்."

விஷயம் சின்னது. இன்ஜினுக்கு டீசலைத் திறந்துவிடுகிற வயர், கட்டியிருந்த இடத்திலிருந்து நழுவித் தொங்கியிருக்கிறது. பாரம் ஏறி மேல்பெட்டி அமுங்கினால் அது இரும்புச் சட்டத்தில் நசுங்கும், இன்ஜின் நிற்கும். பாரத்தை இறக்கினால் விடுபடும், இன்ஜின் ஓடும். பாவம், அந்த லாரி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

வயரைப் புதிதாக இழுத்து உயரத்தில் கட்டினார்கள். வாரண்டியை இன்றிலிருந்து புதிதாக ஆறு மாதம் என்று எழுதிக் கொடுத்த மேனேஜர், கீழே இறங்க மாட்டேன் என்றார். ஓட்டிப் பார்த்துத்தானே நம்ப முடியும் என்றார். என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டையும் அவர்கள் எல்லோரையும் சுமந்துகொண்டு ஒர்க்‌ஷாப் வளாகத்தை மெதுவாகச் சுற்றி வந்தார். மகள் கைதட்டினாள். இன்னொரு சுற்று போகச் சொன்னார்கள், போனார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலமாகிறது. எனக்குத் திட்டுவதற்கு ஆளே கிடைக்கவில்லை, சும்மா நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பிச் சாமான்களை இறக்கினோம். மேலே நின்று ஒவ்வொன்றாக நான் எடுத்துக் கொடுத்தேன். மெத்தையை நகர்த்தினால், அதற்குப் பின்னால் போர்வை போட்டு மூடிய ஒரு பெட்டி. அவருடைய கப்பல் பெட்டி. தூக்கினேன், கனத்தது. திறந்து பார்த்தேன். சட்டைகள், உள்ளாடைகள், கம்பளிச் சட்டை எல்லாம் மடித்து அடுக்கி, சவரப்பெட்டிகூட வைத்தாகிவிட்டது.

கீழே அவர் நின்றுகொண்டிருந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"பாத்துச் சொல்றேன்னுதானே சொன்னீங்க?"

"காலையிலேயே வரேன்னு சொல்லிட்டேன்மா" என்றார் மெதுவாக. "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போனேன். மெஷின் இன்னும் லாரியில் இருந்தது, அதற்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. பெரிய அண்டாவை நிமிர்த்தினேன். சவரப்பெட்டியை மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியை அப்படியே கவிழ்த்தேன். துவைத்து மடித்த துணிகள், அயர்ன் பண்ணிய சட்டைகள், கம்பளி, ஒன்று விடாமல் எல்லாம் தண்ணீரில். மேலே மிதந்தவற்றைக் கையால் அமுக்கினேன்.

அவர் என் பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டு நின்றார். போட்டிருந்த அழுக்குச் சட்டையைத் தவிர அவருக்கு உலர்ந்த துணி ஒன்று மிச்சமில்லை. போனை எடுத்தார். காதில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"சார், நான்தான். இல்ல சார், என்னால வர முடியாது. ஆமா, முடிவாத்தான் சொல்றேன்." அந்தப் பக்கம் காரணம் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "துணியெல்லாம் ஈரமா இருக்கு சார்."

நான் சோப்புத் தூளை இன்னொரு கை அள்ளிப் போட்டேன்.