கட்டுப் போட்ட கால்

கட்டு இடது முழங்காலில் இருந்தது, வலது முழங்கால் வெறுமையாக, வெயிலில் கறுத்து, பழைய தழும்பு ஒன்றுடன் நடுக்கோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தது, பந்து இன்னும் வானத்தில் இருந்தது, எதிரணிக் கோல்காப்பாளன் உதைத்த உதையில் மேலே போன பந்து இறங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தச் சில நொடிகளில் ததேயூஸ் பந்தைப் பார்க்கவில்லை, பதினாறு ஆண்டுகளாகத் தடுப்பாட்டக்காரனாக இருப்பவன் முதலில் பந்தைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறான், ஆளிலும் முகத்தைப் பார்ப்பதில்லை, முழங்காலைப் பார்க்கிறான், முகம் நடிக்கும், முழங்கால் நடிக்காது என்று அவனே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான், ஆனால் இந்த முழங்கால் நடிக்கும், இந்த முழங்காலுக்கு நடிக்கக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான், ஆறு ஆண்டுகள் ஒவ்வோர் ஆட்டத்தன்று காலையிலும் இதே பெர்க்மான்ஸின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கட்டுப் போட்டுவிட்டவன், கெட்டது இடது, கட்டு வலதில், அது ஒருநாளும் மாறியதில்லை, இன்றைக்கு மட்டும் கட்டு ஏன் இடதில் இருக்கிறது.

இருவரும் குளச்சலுக்குத் தெற்கே ஒரே கடற்கரை ஊரிலிருந்து, ஒரே பேருந்தில், ஒரே பையில் இரண்டு இணை பூட்ஸுகளைத் திணித்துக்கொண்டு சென்னைக்கு வந்தவர்கள், ஒருவன் கோல் அடிக்க வந்தான், மற்றவன் கோலைத் தடுக்க வந்தான், முதல் பிரிவு அணி எதுவும் இருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை, இரண்டாம் பிரிவில் ஆடிய கழகங்கள் எடுத்துக்கொண்டன, ஓராண்டு ஒப்பந்தம், அது முடிந்தால் மறுபடி ஓராண்டு, புல் இல்லாத மைதானங்கள், மரத்தடியில் உடைமாற்றம், பார்வையாளர் வரிசையில் காவல்காரரும் இரண்டு மாடுகளும், இவற்றில் பதினாறு ஆண்டுகள் போய்விட்டன, ததேயூஸுக்குத் தான் ஆடிய ஆட்டங்கள் நினைவில்லை, எதில் வென்றோம் எதில் தோற்றோம் என்பதும் நினைவில்லை, கால்கள் மட்டும் நினைவிருக்கின்றன, கண்ணூரிலிருந்து வந்த, மைதானத்தின் ஓரத்தில் ஓடி ஆடும் விங்கர் ஒருவனின் மெலிந்த கணுக்கால், அது முறிந்தபோது காய்ந்த முருங்கைக் கொம்பு முறிவது போல் எழுந்த ஓசை, மதுரையில் ஒரு கல்லூரி மாணவனின் தொடை, அவனுடைய தாய் செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு மைதானத்துக்குள் ஓடிவந்து நீ நல்லா இருப்பியாப்பா என்று கேட்கிறாள், ததேயூஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வெளாட்டுல இதெல்லாம் சகஜம்மா என்கிறான், அன்று மாலை பரோட்டாக் கடையில் அவன் வழக்கத்தைவிட இரண்டு கூடுதலாகத் தின்றதும் நினைவிருக்கிறது, அந்த மாணவன் அதன்பின் ஆடினானா என்பது தெரியாது, கேட்கவும் இல்லை. மேல்பிரிவுக்காரர்கள் பந்தை எடுப்பார்கள், கீழ்ப்பிரிவில் ஆளை எடுப்பவன்தான் அடுத்த ஆண்டும் ஆடுவான், இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

பெர்க்மான்ஸின் இடது முழங்காலை ததேயூஸ் எடுக்கவில்லை, அதைக் கோயம்புத்தூரில் ஒரு கோல்காப்பாளன் எடுத்தான், பந்துக்காகப் பாய்ந்தவன் முழு உடலோடு அந்த முழங்காலின்மேல் விழுந்தான், உள்ளே ஏதோ அறுந்தது, அறுவை செய்து ஓராண்டு ஓய்வெடுக்க வேண்டும் என்றார் மருத்துவர், ஓராண்டு ஓய்வு என்றால் ஒப்பந்தம் இல்லை, ஒப்பந்தம் இல்லை என்றால் படகு, பெர்க்மான்ஸுக்குப் படகு என்றாலே குமட்டும், கடலுக்குப் போகத் தெரியாத மீனவன் என்று ஊரே சிரித்த ஆள் அவன், ஆகவே மருத்துவரின் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரே கழகத்தில் ஆடிய இருவரும் அன்று சேர்ந்து தங்கியிருந்த அறையில் பனிக்கட்டி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான், லேய் ததே, சனிக்கெழம எறங்கணும், ஒரு உதை பட்டா முடிஞ்சுரும் மக்கா, என்ன செய்ய, என்று கூரையைப் பார்த்துக் கேட்கிறான், அந்தக் கேள்வி கேட்கப்பட்டு ஒன்பது ஆண்டுகளாகியும் இன்னும் அறைக்குள்ளேயே நிற்கிறது, ததேயூஸ் யோசிக்கிறான், தடுப்பாட்டக்காரனாக யோசிக்கிறான், பிறகு சிரிக்கிறான், தடுக்குறவனுக்க கண்ணு எங்கல போவும், கட்டு எங்க இருக்கோ அங்கதானே போவும், நீ நல்ல காலுல கட்டிட்டு எறங்கு, வாறவன் எல்லாம் அதையே மிதிப்பான், அது தாங்கும், கெட்ட காலுல ஒரு பஞ்சுகூட வைக்காத, அது இருக்கதையே எவனும் பாக்க மாட்டான். அப்படியே நடந்தது, சேலத்தில் ஓர் ஆட்டத்தில் மூன்று பேர் முறை வைத்துக்கொண்டு அவனுடைய வலது காலை மிதித்தார்கள், இரவு அது பப்பாளிப் பழம் போல் வீங்கியிருந்தது, இடது காலில் ஒரு கீறல்கூட இல்லை, இருவரும் கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தார்கள், பாவம்ல, எவ்வளவு பாடுபட்டு நல்ல காலை மிதிக்கானுவோ, என்று பெர்க்மான்ஸ் கண்ணீர் வழியச் சிரித்தான், ததேயூஸின் வாழ்க்கையில் அவன் ஒரு காலைக் காப்பாற்றியது அந்த ஆறு ஆண்டுகள்தாம்.

காப்பாற்றியதும் அவன், விட்டுக்கொடுத்ததும் அவன், மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும் மே மாதத்தில், பயிற்சியாளர் எத்திராஜ் அவனை மட்டும் தனியே அழைத்தார், முப்பது தாண்டினவங்கள்ல ஒருத்தனைத்தான் வச்சுக்கணும்னு மேல சொல்லிட்டாங்கப்பா, நீயா அவனா, அவனுக்கு உடம்புல ஏதாச்சும் கோளாறு கீதா, கூடத் தங்கினு இருக்கிறவன் நீதான், சொல்லு, என்றார், ததேயூஸ் ஒன்றும் சொல்லவில்லை, இதைப் பின்னாளில் தனக்குத்தானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டிருக்கிறான், நான் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு சொல்கூட வாயிலிருந்து வரவில்லை, சன்னலுக்கு வெளியே பெர்க்மான்ஸ் தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான், ததேயூஸ் அவனைப் பார்த்தான், அவனுடைய இடது காலைப் பார்த்தான், சற்று அதிக நேரம் பார்த்தான், அவ்வளவுதான், எத்திராஜும் அங்கே பார்த்தார், ஓகோ என்றார், விளக்கை அணைப்பது போல் அவ்வளவு எளிதாக முடிந்தது அது. பெர்க்மான்ஸ் பையைக் கட்டும்போது, நீயாவது நிக்கியே மக்கா, அது போதும், என்று தோளில் கை போட்டான், அந்தக் கையின் கனம், அது தெரிந்து போட்ட கையா, தெரியாமல் போட்ட கையா, மூன்று ஆண்டுகளாக இதற்கு மட்டும் அவனுக்கு விடை கிடைக்கவில்லை, பெர்க்மான்ஸ் வேறு கழகத்துக்குப் போனான், தொலைபேசியில் அழைத்தான், முதலில் வாரம் ஒருமுறை, பிறகு திருநாள்களில், ததேயூஸ் எடுப்பதில்லை.

இப்போது இருவருக்கும் முப்பத்து நான்கு, இது பருவத்தின் கடைசி ஆட்டம், இரண்டு அணிகளும் பட்டியலின் அடியில் கிடக்கின்றன, சமனில் முடிந்தால் ததேயூஸின் அணி இரண்டாம் பிரிவில் தங்கும், பெர்க்மான்ஸின் அணி கீழே போகும், பெர்க்மான்ஸின் அணி ஒரே ஒரு கோல் அடித்துவிட்டால் தலைகீழ், கீழே போகும் அணியைக் கலைத்துவிடப் போவதாக இரண்டு முதலாளிகளும் சொல்லிவிட்டார்கள், முப்பத்து நான்கு வயதுத் தடுப்பாட்டக்காரனை வேறு யாரும் எடுக்க மாட்டார்கள், முப்பத்து நான்கு வயது முன்கள ஆட்டக்காரனையும் எடுக்க மாட்டார்கள், ஆக இன்று மூன்றரை மணி வெயிலில் இந்தச் செம்மண் மைதானத்தில் இரண்டு பேரில் ஒருவன் ஆட்டக்காரனாக இருப்பது முடியப் போகிறது. ஆட்டத்துக்கு முன்பு குழாயடியில் பெர்க்மான்ஸ் அருகே வந்து நின்றான், முடி முன்பக்கம் போயிருந்தது, என்னல ததே, போன் எடுக்க மாட்டியோ, ஜெஸிந்தா சொகமா, என்று ததேயூஸின் மனைவியைப் பற்றிக் கேட்டான், சொகம் என்றான் ததேயூஸ், பெர்க்மான்ஸ் குனிந்து இடது முழங்காலில் இருந்த கட்டை இரண்டு தட்டுத் தட்டினான், பாத்தியா, இன்னைக்கு இதுல கட்டியிருக்கேன், பாத்தேன் என்றான் ததேயூஸ், நல்லாப் பாத்துக்க மக்கா, என்று சொல்லிவிட்டுப் பெர்க்மான்ஸ் சிரித்தான், ததேயூஸ் குழாயை மூடிக்கொண்டே நினைத்தான், இவனுக்குத் தெரியும், சன்னல் வழியாக நான் பார்த்ததை இவன் பார்த்திருக்கிறான், என்னுடைய வித்தையை என்னிடமே காட்டுகிறான். இடைவேளையில் கோல் எதுவும் விழுந்திருக்கவில்லை, ஆனால் பெர்க்மான்ஸ் இரண்டு முறை தலையால் முட்டிய பந்து இரண்டு முறையும் கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தது, இன்னாப்பா ததே, உன் தோஸ்த்து ரெண்டு தபா முட்டிட்டான், மூணாவது தபா உள்ள பூந்துடும், பூந்துச்சுன்னா நீ வலை இழுக்கப் போ, நான் பேரனை ஸ்கூலுக்கு இட்டுனு போறேன், என்றார் எத்திராஜ், குரலைத் தாழ்த்தி, எடதுதானே, கட்டே போட்டுனு வந்துகிறான், என்றார், ததேயூஸ் தலையை அசைத்தான், இல்ல சார், அவன் நல்ல காலுலதான் கட்டுவான், இடதைக் காட்டுறான்னா இடது சரியாயிருச்சுன்னு அர்த்தம், எங்கேயோ ஆபரேஷன் பண்ணியிருப்பான், இப்போ கெட்டது அத்தனை மிதி வாங்குன வலதுதான், இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் சார், என்றான், சொல்லும்போது அவனுக்குள் ஒரு பெருமிதம்கூட எழுந்தது, எத்திராஜ் அவன் முதுகில் தட்டினார், கேடிங்கப்பா நீங்கள்லாம்.

பந்து இறங்குகிறது, இருபது நிமிடங்கள் மீதமிருக்கின்றன, பெர்க்மான்ஸ் முதுகைக் கொடுத்துப் பந்தை மார்பில் வாங்குகிறான், தரையில் விடுகிறான், உடல் முழுவதையும் வலது காலில் ஊன்றித் திரும்புகிறான், எப்போதும் அப்படித்தான் திரும்புவான், இடதைத் தரையில் அழுத்த மாட்டான், அதை ஆறு ஆண்டுகள் கண்டவன் அல்லவா, அந்தத் திருப்பத்திலேயே எல்லாம் இருந்தது, ஒரு கணம் ததேயூஸின் கண் அதைக் கண்டது, கால் அதற்கு முன்பே கிளம்பிவிட்டது, சறுக்கிக்கொண்டு போன பூட்ஸ் முதலில் பந்தைத் தொட்டது, அதில் நடுவருக்கும் ஐயமில்லை, பந்தைத் தொட்ட பிறகு நிற்காமல் மேலே ஏறி, கட்டு இல்லாத அந்த வலது முழங்காலின் பக்கவாட்டில் முழுக் கனத்தோடு பாய்ந்தது, முருங்கைக் கொம்பு இல்லை, இது ஈரத்துணியைக் கிழிக்கும் ஓசை. தவறு இல்லை என்று நடுவர் கையை விரித்தார், பந்து வெளியே போனது, நல்ல டேக்கிள், நல்ல டேக்கிள்ப்பா, என்று கோட்டருகிலிருந்து எத்திராஜ் கைதட்டினார். பெர்க்மான்ஸ் கத்தவில்லை, மண்ணில் மல்லாந்து கிடந்து வாயால் மூச்சு வாங்கினான், முதலுதவிக்காரர் குளிர்மருந்துக் குப்பியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், காலைப் பார்த்ததும் இறுக்கிக் கட்டணுமே, கட்டு எடுத்துட்டு வரலியே, என்று கையைப் பிசைந்தார், பெர்க்மான்ஸ் கண்ணைத் திறக்காமல், ததே, இடதுல கெடக்கதை அவுத்து இதுல கட்டு, ஒனக்குத்தான் கட்டத் தெரியும், என்றான்.

ததேயூஸ் முழந்தாளிட்டான், கொக்கிகளைக் கழற்றினான், ஒரு சுற்று, இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்றில் துணி தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது, உள்ளே முழங்கால் என்று சொல்லத்தக்க வடிவமே இல்லை, நீர் கோத்து, ஊதா நிறத்தில், விரல் பட்ட இடம் பள்ளமாகவே நின்றது, அறுவையின் தையல் எதுவும் இல்லை, யாரும் எதையும் சரிசெய்திருக்கவில்லை, ஒன்பது ஆண்டுகளாக அறுந்தே கிடந்த கால் அது, இப்போதெல்லாம் கட்டு இல்லாவிட்டால் நிற்கவே நிற்காது, பெர்க்மான்ஸ் கண்ணைத் திறந்தான், அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், வியப்பு மட்டும்தான் இருந்தது, இதுதான்ல கெட்டது, ஒனக்குத் தெரியாதா, ஒன்னை அடிக்கச் சொல்லுவாவோன்னு எனக்குத் தெரியும், நீ அடிக்காம இருந்தா ஒனக்க பொழப்பு போவும்னும் தெரியும், அதுக்குத்தானே கெட்ட காலுல கட்டி, கொழாயடியில ஒனக்குக் காட்டவும் செய்தேன், அடிச்சா அதை அடிக்கட்டும், எப்படியும் போன காலு, இன்னொண்ணை வச்சாவது நடந்துக்கிடலாம்னு நெனச்சேன், நல்ல காலை எதுக்குல எடுத்தே. ததேயூஸ் வாய் திறந்தான், தான் நினைத்ததை, தன் கணக்கை, தன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல ஒரு சொல்லைத் தேடினான், அவனுக்குத் தெரிந்த சொற்களில் ஒன்றே ஒன்றுதான் வந்தது, வெளாட்டுல, என்று தொடங்கி, அங்கேயே நிறுத்திக்கொண்டான், அவனுடைய கைகள் மட்டும் நிற்கவில்லை, அவை பழகிய கைகள், வலது காலை மெல்லத் தூக்கி மடியில் வைத்தன, கணுக்காலிலிருந்து மேலே, குறுக்காக ஒரு சுற்று, நேராக ஒரு சுற்று, சுருக்கம் இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி, அறைக்குள் சனிக்கிழமைக் காலைகளில் கட்டியது போலவே கட்டி முடித்துக் கொக்கியை மாட்டின, கட்டு வலது காலில் இருந்தது, இடது வெறுமையாகக் கிடந்தது, பார்க்கிற எவனுக்கும் வலதுதான் கெட்டது என்று தோன்றும், இந்த முறை அது பொய்யில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்குல, என்றான் பெர்க்மான்ஸ், ததேயூஸ் இறுக்கினான், பின்னாலிருந்து எத்திராஜ் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், ததே, அவனுக்குப் பதிலா புது ஒன்பதாம் நம்பர் எறங்கிட்டான், ஆள் சும்மா நிக்கிறான், பிடி, பிடி, ததேயூஸ் எழுந்து தன் இடத்துக்கு ஓடினான்.