‘வே’ ஒட்டிய பொத்தான்

அண்ணி டீ டம்ளரைக் கொண்டுவந்து அண்ணனின் கட்டில் பலகையில் வைத்தார். அண்ணன் இடது கையின் ஒற்றை விரலால் மடிக்கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினார். “வேணாம்” என்றது மடிக்கணினி, என் குரலில். அண்ணி டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பினார். அண்ணன் பலகையில் ஓங்கி ஓர் அறை அறைந்துவிட்டு மறுபடியும் அதே பொத்தானை அழுத்தினார். மறுபடியும் நான் “வேணாம்” என்றேன். அதாவது, மடிக்கணினி சொன்னது. நான் பக்கத்து நாற்காலியில் பிஸ்கட் தின்றுகொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

“ஒரு வாரமா இதே கூத்துதான் தம்பி. எதக் குடுத்தாலும் வேணாம்ங்கறாரு. சரின்னு எடுத்துட்டுப் போனா கோவம் பொத்துக்கிட்டு வருது. இந்த மனுஷனுக்கு என்னதான் வேணும்னு ஒண்ணும் புரியல.”

எனக்கும் புரியவில்லை. பக்கவாதம் அண்ணனின் வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோனதே தவிர, புத்தியைத் தொடவில்லை. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். “பிரேக்கு, பிரேக்கு” என்று அவர் கத்தினால் முன்னால் போகிற வண்டியும் நிற்கும். அப்படிப்பட்டவர் வாயடைத்துக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான், பொத்தானைத் தட்டினால் பதிவு செய்த குரல் வருகிற மாதிரி ஒரு மென்பொருளைத் தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தேன். குரல் என்னுடையது. எங்கள் இரண்டு பேர் குரலும் ஒரே அச்சு. போனில் பேசினால் அண்ணியே ஏமாந்துவிடுவார். தண்ணி, ஃபேன், வலிக்குது, திரும்பிப் படுக்கணும், வேணும். ஒவ்வொரு பொத்தான் மேலும் முதல் எழுத்தைத் துண்டுத் தாளில் எழுதி ஒட்டினேன். அதிலும் சில பொத்தான்களுக்குக் கணினி தனக்கென்று ஏற்கெனவே வேலை வைத்திருந்தது. ஃபேன் என்று அழுத்தினால் திரை கறுத்துப்போனது. அவற்றையெல்லாம் இடம் மாற்றி, ஒன்றோடொன்று மோதாமல் செய்து முடிப்பதற்குள் மண்டை காய்ந்துவிட்டது. என் தொழில் லிஃப்ட் மெக்கானிக். ஒரு பட்டனுக்கு ஒரு மாடி, இதில் என்ன பெரிய வித்தை என்று கடைசியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

நானே எழுந்துபோய் ‘வே’ ஒட்டிய பொத்தானை அழுத்திப் பார்த்தேன். வேணாம். இன்னொரு தடவை. வேணாம். நான் அதில் பதிந்தது ‘வேணும்’. என் வாயால் சொன்னது எனக்குத் தெரியாதா? மென்பொருளைத் திறந்து, அங்கே இங்கே தட்டி, முழி பிதுங்கி நின்றபோது அண்ணி மெல்லச் சொன்னார்.

“போன வாரம் உங்ககிட்ட கேட்டேனே தம்பி. வேணாம்னு ஒரு வாய்ஸ் அனுப்புங்கன்னு.”

கேட்டார்தான். லிஃப்ட் குழிக்குள் கிரீஸ் கையோடு நின்றிருந்தேன். எதற்கென்றுகூடக் கேட்காமல் போனில் “வேணாம்” என்று சொல்லி அனுப்பினேன்.

“அத எங்க வெச்சீங்க?”

“வே பட்டன்லதான். நீங்கதான் எழுதி ஒட்டியிருந்தீங்களே.”

“அது வேணும்முக்கு அண்ணி.”

“வேணாமுக்கும் அதே ‘வே’தானே தம்பி? ஏதோ இங்கிலீஷ்ல கேட்டுச்சு. சரின்னு குடுத்துட்டேன்.”

இருப்பதை அழித்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று கணினி மரியாதையாகக் கேட்டிருக்கிறது. அண்ணியும் மரியாதையாகச் சரி சொல்லியிருக்கிறார். பாவம் அண்ணன், ஒரு வாரமாக வேணும் வேணும் என்று கேட்டு, கைக்கு எட்டிய டீயையெல்லாம் பறிகொடுத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணிக்கு வரவில்லை. டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டார்.

“தம்பி, வாலு போன்ல கேட்டதுகூட இத மாத்தினதுக்கு அப்புறம்தான்.”

வாலு அண்ணனின் ஒரே மகள். வயது ஏறியும் பட்டப்பெயர் மாறவில்லை. தொலைதூர நகரத்தில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. அவளை இன்னும் தொலைவாக, கடல் தாண்டி ஒரு பெரிய பொறுப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் அப்பாவிடம் போனில் கேட்டாள், “அப்பா, இதெல்லாம் வேண்டாம்னு விட்டுட்டு உங்ககூடவே வந்து இருக்கட்டுமா?” என் குரல் வேணாம் என்றிருக்கிறது.

“ரெண்டு தடவ அழுத்தினாரு தம்பி. அவ சட்டுனு போன வெச்சுட்டா. அந்த வேலைக்கு இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போடணுமாம்.”

இரண்டு தடவை. வேணும் என்று அழுத்தி, தப்பாக வந்ததும் பதறித் திரும்ப அழுத்தினாரா? இல்லை, வேணாம் என்றுதான் வருமென்று தெரிந்தே அழுத்தினாரா? அண்ணனிடமே கேட்டேன். “அன்னைக்கு அவகிட்ட என்னண்ணே சொல்ல வந்தீங்க?” அவர் ஜன்னலைப் பார்த்தார்.

வேலையில் இறங்கினேன். வேணும் பழைய இடத்துக்குத் திரும்பியது. வேணாமை விசைப்பலகையின் மறு கோடியில் வைத்து, முழுச் சொல்லையும் எழுதி ஒட்டினேன். “டீ வேணுமா?” வேணும். இரண்டு மடக்கு குடித்ததும், “இன்னும்?” வேணாம். விரல் தடுமாறவில்லை. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாலுவுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, சத்தத்தைக் கூட்டிக் கட்டில் பலகைமேல் வைத்தேன்.

அவள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. பிறகு கேட்டாள்.

“அப்பா, நான் வந்துடட்டுமா?”

வேணும். அண்ணன் யோசிக்கவே இல்லை. அவள் மூச்சு இழுப்பது கேட்டது. அவள் பேசுவதற்குள் அண்ணனின் விரல் அவசரமாக விசைப்பலகையின் மறு கோடிக்கு ஓடியது. வேணாம். திரும்பி வந்தது. வேணும். மறுபடி ஓடியது. வேணாம். நெற்றியில் வேர்வை பொடித்துவிட்டது அவருக்கு.

“சித்தப்பா, மிஷின் இன்னும் சரியாகலையா?”

குனிந்து திரையைப் பார்த்தேன். இரண்டும் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்தன. ஒன்றோடொன்று மோதவில்லை. மிஷின் நன்றாக இருக்கிறது என்று இவளிடம் எப்படிச் சொல்வேன்? கெட்டுப்போய்விட்டது என்றுதான் எப்படிச் சொல்வேன்? அண்ணி என் முகத்தையே பார்த்தார். அண்ணன் விரலைத் தூக்கியவர், எங்கும் இறக்கவில்லை.

“வேணும்” என்றேன். எந்தப் பொத்தானும் இல்லாமல், நானே.

அந்தப் பக்கத்திலிருந்து வாலு கேட்டாள்.

“இப்ப சொன்னது அப்பாவா, நீங்களா?”

அண்ணனின் விரல் இரண்டு பொத்தான்களுக்கும் நடுவே, ஒன்றுமே ஒட்டாத பொத்தான்கள்மேல் நின்றுகொண்டிருந்தது.